நாலாம் கவுன்டரில் மட்டும் ஏன் அழுகிறார்கள்?

தாராவியில் லேபர் கேம்ப் பக்கம் இருக்கிற அந்த பேங்கில் நாலு கவுன்டர். ஒன்றாம் கவுன்டரில் ஆள் கிடையாது. ‘விரைவில்’ என்று எழுதின அட்டைதான் நாலு வருசமாக அங்கே டூட்டி பார்க்கிறது. ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இரண்டில் வந்தனா, மூன்றில் ஷாலினி, நாலில் இசக்கிசெல்வி.

காலையில் ஷட்டர் ஏறினதும் தமிழ் ஆட்கள் அத்தனை பேரும் நேராக நாலுக்குத்தான் ஓடுவார்கள். புதிதாக வருகிறவனுக்கு இது விளங்காது. ஏனென்றால் வந்தனா சிரிப்பாள், ஷாலினி சிரித்துக்கொண்டே வணக்கமும் சொல்லுவாள். இசக்கிசெல்வி சிரிக்க மாட்டாள். நாற்பத்து மூன்று வயசில் அவளுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை. வருசத்துக்கு ரெண்டு மூன்று தரம், உண்மையிலேயே சிரிப்பு வந்தால் சிரிப்பாள். மற்ற நாளெல்லாம் குழாயில் தண்ணி வருமா வராதா என்று குடத்தோடு நிற்கிறவளின் முகம்தான்.

சிரிப்புக்குப் பதிலாக அவளிடம் வேறொரு வியாதி இருந்தது. கேள்வி கேட்பாள்.

பிறந்ததே தாராவியில்தான். அப்பா செல்லப்பாண்டி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தோல் குடோனில் மூட்டை தூக்கினவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, கணக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் எழுந்து நின்று, “டீச்சர், இன்னைக்கு அழுதுட்டு வந்திருக்கீயளே, எதுக்கு?” என்று கேட்டாள். டீச்சர் அவளை வெளியே முட்டி போட வைத்தார். இன்டர்வெல்லில் அவரே வந்து, கூட்டிப்போய், ஒரு வடாபாவில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, எதற்கு என்றும் சொன்னார். என்ன சொன்னார் என்று இசக்கிசெல்வி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்பாள், ஆனால் கேட்டதைக் கொண்டுபோய் விற்க மாட்டாள்.

தபால் வழியில் பி.காம். பேங்க் பரீட்சை மூன்றாம் தடவையில் பாஸ். முதல் போஸ்டிங் கல்யாணில், பிறகு பதினொரு வருசமாக இங்கே. வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவர் ட்யூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஏழு கேள்வி வரும். “ஒன்னக் கட்டுனதுக்குப் போலீஸ் ஸ்டேசன் வாசல்ல குடியிருந்திருக்கலாம், அங்கயாவது ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் எடையில டீ குடுப்பான்” என்பார். அதற்கும் ஒரு கேள்வி வரும்: “எந்த ஸ்டேசன்ல டீ குடுக்கான்? நீங்க எப்பம் போனீய?”

கவுன்டரில் இந்த வியாதிதான் அவளுக்குச் சோறு போட்டது. இறந்தவர் கணக்கை முடிக்க வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு வருவார்கள். ‘டெத் கேஸ்’ என்பார்கள் பேங்கில். மற்ற கவுன்டரில் பையைப் பார்த்த உடனே, “இது இல்ல, அது இல்ல, நாளைக்கு வாங்க” என்று பதில் வரும். இசக்கிசெல்வி பையை வாங்கி வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பாள். எப்போ? என்ன செஞ்சுது? ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா? அவர்கள் சொல்லச் சொல்ல, அவள் கை விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டே போகும். கதை முடியும்போது பாரமும் முடிந்திருக்கும். எது விசாரிப்பு, எது ஆபீஸ் வேலை என்று வந்தவர்களுக்குத் தெரியாது. சத்தியமாக அவளுக்கும் தெரியாது.

ஏப்ரலில் பெட்டி வந்தது.

கண்ணாடிக்கு வெளியே, வாடிக்கையாளரைப் பார்த்தபடி, ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒரு சின்னத் திரை. வேலை முடிந்ததும் நாலு மொழியில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு கேள்வி வரும். கீழே மூன்று மஞ்சள் முகம்: சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், நீலச் சொட்டு வடிகிற அழுத முகம். சிரித்ததைத் தொட்டால் ‘டிங்’, சும்மாவைத் தொட்டால் ‘டக்’, அழுததைத் தொட்டால் ‘டொய்ங்’. டிங்குக்கு அஞ்சு மார்க், டக்குக்கு மூன்று, டொய்ங்குக்கு ஒன்று. மூன்று மாசத்துக்கு ஒருமுறை சராசரி போட்டு, யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று மேலே முடிவு செய்வார்கள்.

ஸ்டாஃப் யாரும் பெட்டிக்கு முன்னால் போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. வேறொரு கிளையில் ஒரு புத்திசாலி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எண்பது டிங்கைத் தானே அடித்துக்கொண்டானாம். அதிலிருந்து கேமரா போட்டுக் காவல். ஆகவே இசக்கிசெல்விக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் முதுகு மட்டும்தான். முதுகு சாம்பல் நிறம்.

பெட்டியோடு ஒரு பயிற்சியும் வந்தது. செம்பூரில் ஒரு ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்து, வட்டார ஆபீஸிலிருந்து வந்த மானசா என்கிற அதிகாரி ‘உணர்வு நுண்ணறிவு’ பற்றிப் பாடம் எடுத்தாள். இருபத்தெட்டு வயசு, செம்பூர் காலனிப் பெண், பெரிய படிப்பு.

“கஸ்டமர் முன்னாடி வந்ததும் நம்ம முகத்துல எட்டு பல் தெரியணும்.”

இசக்கிசெல்வி கையைத் தூக்கினாள். “மேடம், மேல் வரிசையில எட்டா, மேலயும் கீழயும் சேத்து எட்டா?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மானசா கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். அதில் இல்லை.

பிறகு பரீட்சை. ‘வாடிக்கையாளர் கோபமாகப் பேசினால் என்ன செய்வீர்கள்? அ) புன்னகைப்பேன் ஆ) மன்னிப்புக் கேட்பேன் இ) மேலதிகாரியிடம் அனுப்புவேன்.’ இசக்கிசெல்வி மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில், ‘எதுக்குக் கோவம்னு கேப்பேன்’ என்று எழுதினாள். ஓரத்துக்கு மார்க் கிடையாது. வந்தனா எண்பத்தெட்டு. இசக்கிசெல்வி நாற்பத்தொன்று.

செப்டம்பர் முதல் வாரம் கிளை மேனேஜர் சந்திரமௌலி அவளை கேபினுக்குக் கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர், ரிட்டயர் ஆக ரெண்டு வருசம். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனுசர். அதட்ட வேண்டிய நேரம் வந்தால் டேபிளில் இருக்கிற பேனாக்களை வரிசையாக அடுக்குவார். அன்றைக்கு அஞ்சு பேனாவும் அடுக்கியாகிவிட்டது.

“ஒக்காருங்கோ இசக்கி. ஒங்களுக்குக் கவுன்டர்ல யாரோடயாவது சண்டையா?”

“எதுக்கு சார் கேக்கீய?”

“கேள்வி நான்தானே கேக்கறேன்?”

“சரி சார். ஆனா எதுக்கு?”

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நாலாம் கவுன்டர்: ரெண்டு புள்ளி ஒன்று. வட்டாரத்திலேயே கடைசி. இந்தக் குவார்ட்டரில் இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு அழுத முகம்.

“போன குவார்ட்டரும் மூணுக்குக் கீழ. இந்த மாசக் கடைசிக்குள்ள ஏறலேன்னா பேலாப்பூருக்கு மாத்திடுவா. பேக் ஆபீஸ். செக் ஸ்கேன் பண்ற எடம்.”

“அங்க ஆளுக வருவாவளா சார்?”

“மனுஷாளே கெடையாது. ஏசி உண்டு.”

ஆள் இல்லாத இடத்தில் யாரை என்ன கேட்பது? செக்கிடம் போய், ‘ஏன் மடிஞ்சிருக்க?’ என்றா?

வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் அழுதிருப்பாள், இல்லை யூனியனுக்கு ஓடியிருப்பாள். இவளுக்குப் பயத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது ஆச்சரியம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யார் அவர்கள்? கையைப் பிடித்து, “நல்லா இருப்ப தாயி” என்றுவிட்டுத்தானே போனார்கள்? போகிற போக்கில் எதற்கு டொய்ங்?

மறுநாளிலிருந்து காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தாள். பெட்டியின் முகம் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்குமே. ஒவ்வொருத்தரும் என்ன வேலையாக வந்தார்கள், முடிந்ததா, என்ன சத்தம் என்று மூன்று பத்தி.

மூன்று நாளில் தாள் முழுக்கக் குழப்பம். ஒரு ஆள் கைரேகை விழவில்லை என்று இருபது நிமிசம் கத்தினார். வேலையும் முடியவில்லை. “ஒன்னய கவனிச்சுக்கிடுதேன்” என்று கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனவர் அடித்தது டிங். பென்சன் நின்றுபோன ஒரு அம்மாவுக்கு நாலே நிமிசத்தில் சரி செய்து கொடுத்தாள். அந்த அம்மா தலையில் கை வைக்க முடியாத குறைக்குக் கண்ணாடியைத் தடவிவிட்டு அடித்தது டொய்ங்.

நகைக்கடன் மேஜையில் இருக்கிற அப்துல் ஹாதிக்கு இது பெரிய பொழுதுபோக்கு. அவன் மேஜைக்குப் பெட்டி கிடையாது. நகையை அடகு வைக்க வருகிறவனிடம் முகத்தைக் கேட்டால் வம்பு என்று மேலேயே தெரிந்திருக்கும்.

“யக்கா, கத்துன ஆளு மவளுக்குப் போலீஸ் வேல கெடச்சிருக்காம். தெருப்பூரா ஜிலேபி குடுத்தாரு. அந்தச் சந்தோசத்துல அடிச்சிருப்பாரு.”

“அவரு மவளுக்கு வேல கெடச்சா எனக்கு எதுக்குல அஞ்சு மார்க்கு?”

“அது தெரியாது. ஆனா அழுத மூஞ்சி எதுக்குன்னு தெரியும். ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்புதாவ, பெட்டியில அதே மூஞ்சி. சரி, இவியதான் போலன்னு அமுக்கிருதாவ.”

“ஒன் நாக்குல தராச வச்சு நிறுத்தா ஒரு பவுன் தேறாது. போல அங்கிட்டு.”

அடுத்த வாரம் வியாழக்கிழமை முருகம்மாள் வந்தார். அறுபது வயசு இருக்கும். மஞ்சள் பை. புருசன் சொரிமுத்துவின் கணக்கை முடிக்க வேண்டும். பேங்குக்கு வருவது அன்றைக்கு மூன்றாம் தடவை, நாலாம் கவுன்டருக்கு முதல் தடவை. அதற்கு முன்னால் வேறு வேறு ஆபீஸில் ஏழு தடவை.

வில்லங்கம் பேரில். பாஸ்புக்கில் சொரிமுத்து. இறப்புச் சான்றிதழில் இங்கிலீஷ் எழுத்துக்குப் போய் எப்படியோ மாறி ஷோரிமுட்டு. ஆதாரில் சோரிமுத்து, அதுவும் இந்திக்காரன் வாயில் ‘ச்சோரி’. திருநெல்வேலி பக்கம் சொரிமுத்து சாமி பேர். பாம்பே வந்தால் இந்தியில் திருட்டு. வார்டு ஆபீஸில் ஒரு கிளார்க் அந்தப் பேரைச் சத்தமாக வாசித்து, “க்யா ச்சோரி கியா?” எதைத் திருடினான் என்று கேட்க, வரிசையே சிரித்திருக்கிறது. செத்தவரின் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு முருகம்மாள் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றிருக்கிறார்.

இசக்கிசெல்வி மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“யக்கா, மூணு பேரு இருக்கே. மூணும் ஒரே ஆளா?”

“ஒரே ஆளுதான் தாயி. ஆனா சோத்துக்கு ஒக்காந்தா மூணு ஆளு.”

இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருசத்தின் ரெண்டாவது சிரிப்பு. முருகம்மாளுக்கும் வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பேர் மூன்றும் ஒருவரே என்று எழுதித் தருகிற பாரத்தை இவளே நிரப்பினாள். எந்த ஊர், எப்போ பாம்பே வந்தாவ, என்ன வேல பாத்தாவ, கடைசியில் என்ன செஞ்சுது, ஆஸ்பத்திரியில எத்தன நாளு என்று முப்பது கேள்வி கேட்டிருப்பாள். வேலை முடிந்தது. முருகம்மாள் பெட்டிப் பக்கம் திரும்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டி, தொட்டார்.

டொய்ங்.

இவளுக்குச் சுருக்கென்றது. இப்பத்தானே சேர்ந்து சிரித்தோம்! உத்தரவாவது மண்ணாவது என்று கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

“யக்கா! நில்லுங்க. நான் எதும் தப்பாச் செஞ்சிட்டனா?”

“நீ என்ன தப்புச் செஞ்ச? ஏழு எடத்துல நடக்காதத நடத்திக் குடுத்திருக்க.”

“அப்ப அழுத மூஞ்சிய அமுக்குனியளே?”

“ஆமா. கேட்டுச்சு, சொன்னேன்.”

“என்ன கேட்டுச்சு?”

“நீ வச்ச பெட்டி, நீயே கேக்க?” முருகம்மாள் மறுபடியும் ‘தமிழ்’ என்கிற இடத்தைத் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். “இப்… போது… உங்கள்… மன… நிலை… எப்படி… உள்ளது.”

இசக்கிசெல்வி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“அவிய போயி நாப்பத்தியொரு நாளாச்சு தாயி. எத்தன பேரு வந்தாவ! சாப்பிட்டியான்னு கேட்டாவ, காரியம் எப்பம்னு கேட்டாவ, வீட்ட யாரு பேருக்கு மாத்தப் போறன்னு கேட்டாவ. மனசு எப்படி இருக்குன்னு ஒரு ஆளு கேக்கல. இந்தப் பெட்டி கேட்டுச்சு. பெட்டின்னாலும் பொய் சொல்லலாமா?”

மஞ்சள் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

முப்பது கேள்வி கேட்டவள் அவள். இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அது வேறு உறுத்தியது.

காலண்டர்த் தாளை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் விளங்கியது. மகளுக்கு வேலை கிடைத்தவர் டிங். பென்சன் வந்தாலும் மகன் பேசாமல் போய் ஆறு மாசம் என்று கவுன்டரில் சொன்ன அம்மா டொய்ங். நாலாம் கவுன்டருக்குத்தான் தமிழ் ஆட்கள் வருகிறார்கள், நாலாம் கவுன்டருக்குத்தான் டெத் கேஸ் வருகிறது. பயிற்சியில் காட்டினபடி, இந்தியிலும் மராத்தியிலும் இங்கிலீஷிலும் பெட்டி ‘எங்கள் சேவை எப்படி?’ என்று கேட்கிறது. தமிழில் மட்டும் ஒரு சிநேகிதக்காரன் மாதிரி மனசைக் கேட்கிறது. ஆபீஸ் கேள்விக்குப் பொய் சொல்லத் தெரிந்த ஜனம்தான் இது. சிநேகிதக்காரன் கேட்டால் பொய் வராது.

“யக்கா, ரொம்ப சிம்பிள்” என்றான் ஹாதி. “போகும்போது, ‘அண்ணாச்சி, சிரிச்ச மூஞ்சிய அமுக்கிருங்க’ன்னு ஒரு வார்த்த. அங்க வந்தனா ஆளுக்கொரு சாக்லேட் குடுத்து வாங்குது. நீங்க சாக்லேட்டுகூடக் குடுக்க வேண்டாம்.”

அதுவும் சரியாகத்தான் பட்டது. இன்னும் பதினேழு நாள் இருக்கிறது, ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றாலும் மார்க் மூன்றைத் தாண்டிவிடும். பேலாப்பூரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம்.

அடுத்த டோக்கனில் வந்தவர் செத்துப்போன மகளின் ஸ்காலர்ஷிப் கணக்கை முடிக்க வந்த அப்பா. காலேஜ் அடையாள அட்டையைக் கொடுத்தார். போட்டோவில் அந்தப் பெண் எட்டுப் பல்லுக்கு மேலேயே சிரித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்தது. அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி…”

“என்னம்மா?”

“அந்தப் பெட்டியில…”

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். எதைச் சொன்னாலும் செய்துவிடுகிற நிலைமையில் இருந்தார். அதுதான் பிரச்சினை. ‘சிரித்ததைத் தொடுங்க’ என்றால் கேள்வி கேட்காமல் தொட்டுவிடுவார்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அந்தா தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.”

டொய்ங்.

“இப்படியே போனா ஒங்களுக்கு பேலாப்பூர்ல செலையே வச்சிருவாவ” என்றான் ஹாதி. அவனும் அந்த அடையாள அட்டையைப் பார்த்திருந்தான். அதனால் சத்தமாகச் சொல்லவில்லை.

மேனேஜரிடம்தான் போனாள். சந்திரமௌலி எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் நின்று, தமிழைத் தொட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“நன்னாத்தானே எழுதிருக்கா?”

“என்ன எழுதியிருக்கு சார்?”

“அதான்… நம்ம சேவையப் பத்தி…”

அவர் காது மடல் சிவந்ததை இசக்கிசெல்வி பார்த்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஸ்டாஃப் முன்னால் அவர் தமிழில் ஒரு பேச்சுப் பேசுவார். ஒருதரம் அந்தக் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார், எடுத்துக் கொடுத்தது இவள்தான். முழுக்க இங்கிலீஷ் எழுத்தில் எழுதின தமிழ். மாட்டுங்காவில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழில் கோபப்பட்டு, தமிழில் சாமி கும்பிட்டு, ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாமல் அம்பத்தெட்டு வயசு வரை வந்திருக்கிறார். அதை அவள் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நின்று, பெட்டியில் இருந்ததைத் தனக்குத்தானே வாசிப்பது மாதிரி வாசித்தாள். சந்திரமௌலி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். ஃபைலை எடுத்துக் காட்டினார். ‘தமிழ் வாசகம் சரிபார்க்கப்பட்டது’ என்று வட்டார ஆபீஸ் அனுப்பின சான்று. கீழே கையெழுத்து, அவருடையது. தமிழ்க் கிளையில் தமிழ் மேனேஜர். வேறு யாரிடம் கேட்பார்கள்?

“மெயில் போடறேன் இசக்கி. ரெண்டு நாள்ல போடறேன்.”

ரெண்டு நாள் ஆனது. பன்னிரண்டு நாள் ஆனது. மெயில் போகவில்லை. கேபினில் பேனாக்கள் மட்டும் தினமும் வரிசையாக நின்றன. மாசம் முடிய அஞ்சு நாள்தான் பாக்கி.

“நீங்களே நேரா மேல எழுதுங்க” என்றான் ஹாதி. “வேல போறது ஒங்களுக்கு. அவருக்கு என்ன, ஒரு மெமோ. ரெண்டு வருசத்துல பென்சன்.”

எழுதலாம். எழுதினால் யார் கையெழுத்து என்று முதலில் அதைத்தான் தோண்டுவார்கள். ஆனால் அவளைக் குடைந்தது வேறு. இவ்வளவு நல்ல மனுசன், ஒரு மெயில் போட ஏன் இப்படித் தடுமாறுகிறார்? மெமோவுக்கா பயம்? மெமோவை அவர் நாலு வாங்கியிருக்கிறார், டேபிள் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அப்புறம் எதற்கு?

மத்தியானம் கேபின் கதவைத் தட்டினாள்.

“சார், ஒண்ணு கேக்கட்டா?”

“மெயில்தானே? இன்னிக்குக் கட்டாயம்…”

“அது இல்ல சார். இப்போது உங்கள் மனநிலை எப்படி உள்ளது?”

செய்தி வாசிக்கிறவள் மாதிரி அப்படியே கேட்டாள். கிண்டலா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே குடத்தோடு நிற்கிற முகம்தான் இருந்தது. கிண்டலுக்கு அதில் இடமில்லை. சந்திரமௌலி ஒரு பேனாவை எடுத்தார், வைத்தார்.

“வெக்கமா இருக்கு இசக்கி.”

கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்கு அதற்கப்புறம் பேசாமல் இருக்கவும் தெரிந்திருந்தது.

“கோவில் கமிட்டில என்னைச் செக்ரட்டரியாப் போட்டிருக்கா. தமிழ் நோட்டீஸ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். ஆத்துக்காரி வாசிச்சுச் சொல்லுவா, நான் கையெழுத்துப் போடுவேன். அங்க இருக்கறவாளுக்கும் தெரியாது. இது வெளிய போனா… நம்ம கிளைக்கு வரவா முக்காவாசி தமிழ் ஆளுங்கோ. நாலு வருஷமா அவாளுக்கு முன்னாடி நான் தமிழ் மேனேஜர்.”

“வாசிக்கத் தெரியலன்னா தமிழ் ஆளு இல்லன்னு யாரு சார் சொன்னது?”

“யாரும் சொல்லலை.”

“அப்ப யாரு சொல்லிருவாவன்னு பயப்படுதீய?”

அவர் நிஜமாகவே யோசித்தார். யார் பேரும் வரவில்லை போல. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். மூன்று வரிதான். ‘தமிழ் வாசகம் தவறானது. சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவன் நான். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.’ எல்லாம் இங்கிலீஷில்தான். அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மாசம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மானசா வந்தாள். கேபினில் மூன்று பேரும். அவள் கையில் பேலாப்பூர் உத்தரவு அச்சடித்துத் தயாராக இருந்தது, தேதி மட்டும் போடவில்லை.

“சார், மெயில் பார்த்தேன். ஆனா ஆதாரம் வேணும். யாராவது அந்த வரியைப் படிச்சு, எனக்கு எழுதித் தரணும்.”

“நீங்களே படிக்கலாமே மேடம்” என்றாள் இசக்கிசெல்வி.

மானசா உத்தரவை மடித்தாள், பிரித்தாள். “எனக்கும் தெரியாது” என்றாள். “எங்க செக்ஷன்ல மூணு தமிழ் ஆளு. மூணு பேருக்கும் தெரியாது. மொழிபெயர்க்கற மெஷின்ல போட்டோம், அது குடுத்தது. சாரோட கையெழுத்து வந்ததும் அப்பாடான்னு இருந்தது.”

சந்திரமௌலி அந்த மாசத்தில் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆதாரம் தேடி மானசாவே நாலாம் கவுன்டர் வரிசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். பெட்டியைத் தொட்டவர்களிடம், ஏன் அதைத் தொட்டீர்கள் என்று கேட்டாள். ஒரு ஆள் மூட்டுவலி என்றார். ஒரு பெண் மாமியார் என்றாள், விவரமும் சொன்னாள். ஒரு கிழவர், “ஏம்மா, கேட்டது பெட்டி, பதில் ஒனக்கு எதுக்கு?” என்றார். யாருமே கவுன்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் மானசாவே தாங்காமல், “சரி, இங்க வேலை எப்படி செஞ்சாங்க?” என்றாள். மூட்டுவலிக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லாச் செய்யாமலா இம்புட்டுத் தூரம் நொண்டிட்டு வாரேன்?”

அடுத்த வாரம் பதில் வந்தது. சந்திரமௌலி வெளியே வந்து, இசக்கிசெல்வியின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று வாசித்தார். நாலாம் கவுன்டரின் தமிழ்ப் பதிவுகள் அத்தனையும் தள்ளுபடி. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பத்தொன்பதுதான். பத்தொன்பதை வைத்துச் சராசரி போட விதி இல்லை. ஆகவே மார்க் என்கிற இடத்தில் ‘பொருந்தாது’.

“பொருந்தாதுன்னா என்ன சார், பூஜ்யமா?”

“பூஜ்யம் இல்ல. மார்க்கே இல்ல. மூணுக்குக் கீழ இருக்கறவாளத்தான் மாத்த முடியும். பொருந்தாதுங்கறது மூணுக்குக் கீழயும் இல்ல, மேலயும் இல்ல.”

“அப்ப நான் எங்க இருக்கேன்?”

“எங்கயும் இல்ல. வருஷக் கடைசி இன்சென்டிவும் கெடையாது, அதுக்கு மார்க் வேணும். இந்தப் பெட்டில தமிழ் மாத்தறதுக்கு தீபாவளி தாண்டுமாம், அதுவரைக்கும் மார்க் போட மாட்டா. நேக்கு மெமோ தனியா வந்திருக்கு.”

“கவுன்டர் உண்டா சார்?”

“கவுன்டர் உண்டு.”

“அப்பச் சரி.”

ஹாதி எட்டிப் பார்த்து, “யக்கா, பொருந்தாதுன்னு ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் போட்டிருக்காவ” என்றான். அவள் ஸ்டாம்ப் பேடை அவன் பக்கம் ஓங்கினாள்.

கண்ணாடிக்கு வெளியே வரிசை நெளிந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவர் டோக்கனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டி, “ஏம்மா, பதினோரு நிமிசம் ஆச்சு! அங்க பேச்சு, இங்க நாங்க என்ன செலையா?” என்று கத்தினார். கழுத்தில் புது டை கட்டியிருந்தார். சட்டை மட்டும் பழசு. டை முடிச்சு ஒரு பக்கமாக ஏறி, காலர் நனைந்திருந்தது.

இசக்கிசெல்வி அவர் காகிதத்தை வாங்கினாள். டையைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு எங்க போறதுக்கு இவ்வளவு அவசரம்?”

அவர் இன்னொரு தடவை கத்துவதற்காக மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சை விட்டார். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்துவிட்டு, கண்ணாடி ஓட்டைக்குக் கிட்டக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சொல்ல ஆரம்பித்தார்.